பாடியைக் கடைசியில் பாருங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் நகலை வாங்க நினைப்பவர் முதலில் மனதைப் பறிகொடுப்பது அதன் உருவத்திடம்தான். நீண்ட பானெட், உருண்டு திரண்ட மட்கார்டு, கையைத் தொங்கப்போட்டால் தரையைத் தொடும் அளவு தாழ்ந்த கதவு, கம்பிச் சக்கரம். அதில் தவறு ஏதுமில்லை. அந்த உருவம் பிடிக்காதவருக்கு இந்த அத்தியாயமே தேவையில்லை. ஆனால் வாங்கும்போது பார்க்க வேண்டிய வரிசையில் உருவம் கடைசியாக வர வேண்டும் என்பது என் வாதம். முதலில் ஆர்.சி. புக், அடுத்து சேஸிஸ், அதற்கடுத்து பிரேக், பிறகு என்ஜினும் அதற்குக் கிடைக்கும் ஸ்பேரும். இவையெல்லாம் தேறிய பிறகுதான் பாடி. நகல் காரின் பாடி பெரும்பாலும் அச்சில் வார்த்தெடுத்த ஃபைபர். கையில் அச்சு இருந்தால் ஒரு நல்ல பட்டறை எத்தனை பாடி வேண்டுமானாலும் எடுத்துவிடும். கீறினால் பூசலாம், உடைந்தால் ஒட்டலாம், பிடிக்காவிட்டால் நிறத்தை மாற்றலாம். ஆர்.சி.யையோ சேஸிஸையோ அப்படிப் பூசி மெழுக முடியாது. பின்னால் சரிசெய்ய முடியாததை முன்னால் பார்ப்பதுதான் வாங்குபவருக்குப் பாதுகாப்பு.

இந்த வாதத்தை உரசிப் பார்க்க ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பேட்டைப் பகுதியைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் வெளிவருகின்றன. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் ஆலையும் 2012இல் பாரத்பென்ஸ் லாரி ஆலையும் ஓடத் தொடங்கின. ராயல் என்ஃபீல்டு 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் ஆலை திறந்தது. வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஜி.ஏ.ஆர்.சி. என்ற அரசு ஆய்வு மையமும் ஒரகடத்தில்தான் இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் இருங்காட்டுக்கோட்டையில். வண்டியைச் செய்யும் இடம், சோதிக்கும் இடம், பந்தயத்தில் ஓட்டும் இடம் என மூன்றும் ஒரே வட்டாரத்தில் இருப்பதால், நகல் கார் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. அந்த வண்டியை ஓட்டப்போகும் சாலையும் இதுதான். கன்டெய்னர் லாரிகளும், புதுக் கார்களை அடுக்கிச் செல்லும் டிரெய்லர்களும், ஷிப்ட் மாறும் நேரத்தில் வரிசைகட்டும் கம்பெனி பஸ்களும் நிறைந்த சாலை.

உலகில் பேரெடுத்த நகல் கார்களைப் பார்த்தால், அவற்றில் நிலைத்து நின்றவை எல்லாம் அடிப்பகுதியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தவை. 1962இல் பிறந்த கோப்ரா, பிரிட்டனின் ஏ.சி. ஏஸ் காரில் அமெரிக்க ஃபோர்டு வி8 என்ஜினைப் பொருத்திக் கரோல் ஷெல்பி உருவாக்கியது. 1960களில் உருவான அசல் கோப்ராக்கள் ஏறக்குறைய ஆயிரம்தான். பிறகு வந்த நகல்கள் அதைப்போலப் பல மடங்கு. 1995இல் தொடங்கிய ஃபேக்டரி ஃபைவ் நிறுவனம் தன் கோப்ரா நகலுக்கு ஃபோர்டு மஸ்டாங்கின் என்ஜினையும் அச்சையும் பிரேக்கையும் எடுத்துக்கொண்டது. மஸ்டாங் அமெரிக்காவின் ஊரெல்லாம் ஓடிய வண்டி என்பதால் ஸ்பேருக்குத் தட்டுப்பாடே வரவில்லை. போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டரின் நகல்கள் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தளத்தில் அமர்ந்தன. அசல் 356 காரே ஃபோக்ஸ்வாகன் பாகங்களிலிருந்து கிளைத்ததால் அந்த உறவு இயல்பாகப் பொருந்தியது. 1957இல் வந்த லோட்டஸ் செவனின் உரிமையை 1973இல் வாங்கிய கேட்டர்ஹாம், நாற்பது ஆண்டுகள் கழித்து அதே உருவத்தில் சுசுகியின் 660 சி.சி. மூன்று சிலிண்டர் டர்போ என்ஜினையும் சுசுகியின் பின் அச்சையும் வைத்து ஒரு மாடலைக் கொண்டுவந்தது. 80 குதிரைத்திறன்தான். ஆனால் வண்டியின் எடை 500 கிலோவுக்கும் குறைவு. இந்த மூன்று நகல்களையும் வாழவைத்தது சாதாரண வண்டிகளின் சாதாரண பாகங்கள். ‘டோனர்’ என்று இத்துறையினர் சொல்லும் அந்த அடிப்படை வண்டியே நகலின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. அது பலருக்கு நினைவில் இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம்தான். வண்டலூர்–பெருங்களத்தூர் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையிலிருந்து 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. பிரிட்டனின் டிரயம்ஃப் ஹெரால்டு அது. அதன் சிறப்பு, பாடியிலிருந்து தனியாகக் கழற்றக்கூடிய சேஸிஸ். டிரயம்ஃப் நிறுவனமே அந்தச் சேஸிஸைச் சுருக்கி 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. பிறகு பிரிட்டனின் சிறு பட்டறைகள் ஹெரால்டு சேஸிஸின் மேல் எம்.ஜி. டி.எஃப். உருவத்தை ஏற்றி ஜென்ட்ரி என்ற பெயரில் நகல் செய்தன. அதாவது, நகல் ஸ்போர்ட்ஸ் காருக்கு மிகப் பொருத்தமானவற்றுள் ஒன்றான சேஸிஸ், இன்று ஒரகடம் வழியாக வாலாஜாபாத் போகும் அதே சாலையின் தொடக்கத்தில் தயாரானது. ஆனால் இன்று ஒரு பழைய ஹெரால்டு கிடைத்தால் அதை அறுத்து நகல் செய்யாதீர்கள் என்றே சொல்வேன். சட்டமும் அதையே சொல்கிறது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

இனி முதல் கேள்வியான ஆர்.சி. இந்தியச் சட்டத்தில் ‘நகல் வாகனம்’ என்று ஒரு தனி வகை கிடையாது. அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டுச் சட்டமும் 2021இல் வந்த விதியும் சிறு தயாரிப்பாளர் ஒருவர் ஆண்டுக்கு 325 வண்டிகள் வரை, குறைந்தது 25 ஆண்டுப் பழமையான காரின் உருவத்தில் செய்து விற்க வழிவிடுகின்றன. மோதல் பாதுகாப்பு விதிகளில் பெரும் விலக்கு உண்டு. புகை விதியில் மட்டும் இன்றைய அளவுகோல்தான். பிரிட்டனில் தனிநபர் கட்டிய ஒற்றை வண்டியைக்கூட அரசுச் சோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவுசெய்யலாம். இங்கே வழி வேறு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதிப்படி, தயாரிப்பாளர் தன் வண்டியின் மாதிரியைப் புணேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரின் ஐகேட், ஒரகடத்தின் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற அமைப்புகளில் ஒன்றிடம் கொடுத்துச் சான்று பெற வேண்டும். அந்தச் சான்றை அடிப்படையாகக் கொண்டு தயாரிப்பாளர் தரும் படிவம் 22 இருந்தால்தான் ஆர்.டி.ஓ. அலுவலகம் புது வண்டியைப் பதிவுசெய்யும். 2020 ஏப்ரல் 1 முதல் அந்தச் சோதனையில் பி.எஸ். 6 புகை அளவும் சேர்ந்துவிட்டது. மோதல் சோதனை, ஏர்பேக், ஏ.பி.எஸ். எல்லாம் அதற்குச் சற்று முன்பின்னாக வந்து சேர்ந்தவை. ஆண்டுக்குச் சில வண்டிகள் மட்டும் கட்டும் ஒரு பட்டறை இத்தனை சோதனைச் செலவையும் தாங்குவது மிகக் கடினம்.

அதனால் சந்தையில் வேறொரு வகை நகல் உலவுகிறது. ஒரு பழைய மாருதி ஜிப்ஸியோ வேறு காரோ எடுத்து, பாடியைக் கழற்றிவிட்டு, பழைய ரோட்ஸ்டர் போன்ற ஃபைபர் பாடியை ஏற்றியிருப்பார்கள். ஆர்.சி. பழைய காரின் பெயரிலேயே இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதைத்தான் தடுக்கிறது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி உரிமையாளர் அதை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே விளக்கியது. என்ஜின் தேய்ந்துபோனால் அதே வகை என்ஜினை அனுமதியுடன் மாற்றலாம்; எரிவாயு கிட் பொருத்தலாம்; வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்ற முடியாது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம் 182ஏ பிரிவைக் கொண்டுவந்து, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்றது. இந்தத் தண்டனை வண்டியை மாற்றிய உரிமையாளருக்குத்தான். ஆனால் பட்டறைக்காரர் விற்றுவிட்டுப் போன பிறகு சாலையில் நின்று பதில் சொல்ல வேண்டியவர் வண்டியை ஓட்டுபவர்.

“சாலையில் யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள்? வாகனச் சோதனையில் நிற்கும் காவலரே வண்டியை ரசித்துவிட்டு அனுப்பிவிடுகிறாரே” என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், பல நாள் அப்படியே ஓடலாம். ஆனால் ஆர்.சி. தேவைப்படுவது நல்ல நாளில் இல்லை. சுங்குவார்சத்திரம் அருகே ஒரு இருசக்கர வாகனத்தின் மேல் உங்கள் வண்டி மோதிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து சேஸிஸ் எண்ணைத் தேடுவார், ஆர்.சி.யில் இருக்கும் பாடி வகையையும் எதிரில் நிற்கும் பாடியையும் ஒப்பிடுவார். மாற்றத்தைச் சொல்லாமல் எடுத்த பாலிசியில் இழப்பீடு தர மறுக்க இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு இடம் கிடைக்கும். அடிபட்டவரின் குடும்பத்துக்குச் சேர வேண்டிய தொகை இழுபறியாகும். ஒரு பொழுதுபோக்குக்காக வாங்கும் வண்டி இன்னொரு குடும்பத்தின் இழப்பீட்டைச் சிக்கலாக்கக் கூடாது என்பது எனக்கு எந்தச் சட்டப் பிரிவையும்விடப் பெரிய காரணமாகத் தோன்றுகிறது.

அப்படியானால் நகலே வேண்டாம், அசலையே வாங்கிவிடலாமே என்பது அடுத்த மறுப்பு. இதற்கு 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதிகள் பதில் தருகின்றன. முதல் பதிவுக்குப் பிறகு 50 ஆண்டு தாண்டி, சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் நிலையில் இருக்கும் வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் பத்தாண்டுப் பதிவு கிடைக்கும். மாநில எழுத்துக்குப் பின் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும் தனி நம்பர் பிளேட். ஆனால் அப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் பயணத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, ஆய்வு, பெட்ரோல் போடுதல், பழுதுபார்த்தல், அவற்றுக்குப் போய்வருதல் ஆகியவற்றுக்கு மட்டுமே அனுமதி. வண்டியைக் காப்பாற்றி வைக்க விரும்புபவருக்கு இது நல்ல ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாலாஜாபாத் வரை போய்வர விரும்புபவருக்கு இது பொருந்தாது. முன்பு சொன்ன ஹெரால்டின் நிலையும் இங்கே தெளிவாகிறது. ஐம்பது ஆண்டு தாண்டிய ஹெரால்டை அப்படியே வைத்திருந்தால் அது விண்டேஜ். அறுத்து ஸ்பிட்ஃபயர் நகலாக்கினால் விண்டேஜ் தகுதியும் போகும், 52ஆம் பிரிவும் வந்து நிற்கும். இரண்டு பக்கமும் இழப்பு.

வெளிநாட்டு நகலை இறக்குமதி செய்யும் வழியும் பெரும்பாலோருக்கு அடைபட்டது. பழைய வண்டி என்றால் மூன்று ஆண்டுக்கு மேற்படாததாகவும் வலது பக்க ஸ்டியரிங் உள்ளதாகவும் இருக்க வேண்டும். அதன்மேல் சுங்க வரி வேறு.

மிஞ்சும் வழிகள் இரண்டு. ஒன்று, நகலின் பெயரிலேயே பதிவான வண்டி. மகாராஷ்டிரத்தின் அலிபாக்கில் உருவான சிங்காரா ரோட்ஸ்டர் இதற்கு நல்ல உதாரணம். லோட்டஸ் செவனின் மரபில் வந்த இரட்டை இருக்கை வண்டி. அம்பாசடரில் வந்த 1.8 லிட்டர் இசுசு என்ஜின்தான் இதிலும். இப்படி ஒரு வண்டி விலைக்கு வந்தால் ஆர்.சி.யில் தயாரிப்பாளர் பெயர், மாடல், பாடி வகை, இருக்கை எண்ணிக்கை நான்கும் எதிரில் நிற்கும் வண்டியோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். சேஸிஸ் எண் தகட்டில் இருந்தால் போதாது. சேஸிஸ் கம்பியிலேயே கொத்தியிருக்க வேண்டும். வேறு மாநில வண்டி என்றால் அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டி, ஸ்ரீபெரும்புதூரிலோ காஞ்சிபுரத்திலோ உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னிரண்டு மாதத்துக்குள் எண் மாற்ற வேண்டும். முதல் பதிவிலிருந்து பதினைந்து ஆண்டு முடிந்ததா என்பதும் முக்கியம். முடிந்திருந்தால் எஃப்.சி. பார்த்து ஐந்து ஐந்து ஆண்டாகத்தான் புதுப்பிக்க முடியும். விற்பவர் ‘அது நீங்களே பண்ணிக்கலாம்’ என்றால், அவரே பண்ணித் தரட்டும் என்று காத்திருங்கள்.

இரண்டாவது வழி, ஆலையே பழைய உருவத்தில் செய்து சான்றோடு விற்கும் புது வண்டி. இதற்கு மிகத் தெளிவான சான்று இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது, இரண்டு சக்கரத்தில். 2018இல் வந்த ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜி.டி. 650 இரண்டும் 1960களின் பிரிட்டிஷ் வண்டிகளுடைய பெயரையும் உருவத்தையும் ஏற்றவை. உள்ளே இருப்பது 648 சி.சி. இரட்டைச் சிலிண்டர் என்ஜின், எரிபொருள் இன்ஜெக்‌ஷன், ஆறு கியர், முன்னே 320 மி.மீ. டிஸ்க், இரு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ். ஃபிரேமை வடிவமைத்ததில் பந்தய ஃபிரேம்களுக்குப் பேர்போன ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸின் கை இருந்தது. பழைய இன்டர்செப்டரின் டிரம் பிரேக்கையும் எண்ணெய்க் கசிவையும் நகலெடுக்க யாரும் நினைக்கவில்லை. “கார் கேட்டால் பைக்கைக் காட்டுகிறீர்களே” என்ற ஆட்சேபம் நியாயமானது. காற்று முகத்தில் அடிக்க ஓட்டுவதும் பழைய உருவமும் மட்டுமே உங்கள் ஆசை என்றால் இது முழு விடை. நான்கு சக்கரம்தான் வேண்டும் என்றால் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் மினி போன்ற வண்டிகள் அதே வகையைச் சேர்ந்தவை. ஆனால் விலை அதிகம், ரோட்ஸ்டரின் எளிமையும் அவற்றில் இல்லை. எதை வாங்கினாலும் 650 வண்டிகள் காட்டும் அளவுகோலை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உருவம் பழையதாக இருக்கலாம். நிறுத்துவதும் திருப்புவதும் இன்றைய தரத்தில் இருக்க வேண்டும்.

ஆர்.சி. தேறிவிட்டால் சேஸிஸ். சமதளமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, நான்கு சஸ்பென்ஷன் முனைகளிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸ் புள்ளி வையுங்கள். வண்டியை நகர்த்திவிட்டு எதிரெதிர் மூலைகளை டேப்பால் அளந்தால், இரண்டு மூலைவிட்டமும் சில மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். அதைவிட அதிகம் என்றால் சேஸிஸ் அடி வாங்கியிருக்கிறது, அல்லது ஜிக் இல்லாமல் கண் மதிப்பில் வெல்டிங் செய்திருக்கிறார்கள். சேஸிஸை நடுவில் வெட்டிச் சுருக்கியிருந்தால் வெல்டிங் ஓடிய கோட்டைக் கை விளக்கோடு பாருங்கள். புதுப் பெயின்ட் அந்த இடத்தில் மட்டும் தடிப்பாக இருந்தால் காரணம் கேளுங்கள். இதை ஒரு நல்ல லேத் பட்டறை மெக்கானிக்கை அழைத்துச் சென்று செய்வது நல்லது. அம்பத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் உதிரிபாகக் கம்பெனிகளில் ஜிக் வெல்டிங் செய்து கை பழகியவர்களுக்கு இது பார்த்த மாத்திரத்தில் புரியும்.

அடுத்தது தரைக்கும் வண்டிக்குமான இடைவெளி. இந்தச் சாலைகளில் இதைப் பலரும் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவில் ஒரு வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள மெல்லிய வளைவு. கோப்ரா உருவ வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறக்குறைய 2.29 மீட்டர். அந்தத் தூரத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால், வேகத்தடையின் உச்சி வண்டியின் வயிற்றை நோக்கி எவ்வளவு எழும் என்று தெரியும். வருவது 4 செ.மீ.க்கும் குறைவு. ஆக, விதிப்படி போட்ட வேகத்தடையில் 12 செ.மீ. இடைவெளியுள்ள தாழ்ந்த வண்டிகூட மெதுவாகப் போனால் தட்டாது. தட்டுவது ஊர்ச் சாலையிலும் கம்பெனி வாசலிலும் குறுகலாகவும் செங்குத்தாகவும் போட்ட வேகத்தடை. அங்கே முழு உயரமும் வயிற்றுக்கு வரும். ஆகவே விற்பவர் சொல்லும் இடைவெளியை நம்பாமல், இருவர் உட்கார்ந்து டேங்க் நிறைந்த நிலையில் சைலன்சர் குழாயின் அடிமட்டத்தை அளந்து பாருங்கள். நீங்கள் அன்றாடம் கடக்கும் மிக மோசமான வேகத்தடையையும் அளந்துகொள்ளுங்கள். சஸ்பென்ஷனை உயர்த்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். உயர்த்தினால் ஸ்டியரிங் கம்பிகளின் கோணம் மாறி, பள்ளத்தில் இறங்கும்போது வண்டி தானாகத் திரும்பத் தொடங்கும்.

தாழ்ந்திருப்பதன் இன்னொரு பக்கத்தை எண்ணால் சொல்ல வேண்டியதில்லை. செவன் உருவ வண்டியில் ஓட்டுபவரின் கண் லாரிச் சக்கரத்தின் உயரத்தை ஒட்டியே இருக்கும். லாரி டிரைவரின் இடப்பக்கம் அப்படி ஒரு வண்டி ஒட்டி நின்றால் அவருக்கு அது தெரியவே தெரியாது. டிரெய்லரின் பின்முனை உங்கள் முகத்துக்கு நேராக இருக்கும். ஏர்பேக் இல்லாத, கூரை இல்லாத வண்டியில் மூன்று முனை சீட் பெல்ட்டும், சேஸிஸோடு வெல்டிங் செய்த உருள்கம்பியும் கட்டாயம் இருக்க வேண்டும். அழகுக்காக ஃபைபரில் போல்ட் போட்டு நிறுத்திய கம்பி எதையும் தாங்காது.

பிரேக்கில் ஏமாறுபவர்கள்தான் அதிகம். டோனர் வண்டியின் பிரேக் அந்த வண்டியின் எடைக்கும், முன்னும் பின்னும் அந்த எடை பிரிந்த விதத்துக்கும் ஏற்ப அமைந்தது. கனமான இரும்பு பாடியைக் கழற்றி லேசான ஃபைபரை ஏற்றி, என்ஜினைப் பின்னுக்குத் தள்ளி வைத்தால் அந்தக் கணக்கே மாறிவிடும். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். ஈரமான காலி மைதானத்திலோ மூடிய இடத்திலோ 30, 40 கி.மீ. வேகத்தில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பக்கத்தில் நின்று எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று பார்க்கட்டும். முன்சக்கரம் முதலில் நிற்பதே பாதுகாப்பு. இந்தச் சோதனைக்கு விற்பவர் ஒப்பாவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

என்ஜின் விஷயத்தில் ஆர்வலர்கள் சொல்லும் மறுப்பு பலமானது. உருவம் கோப்ரா, சத்தம் மட்டும் குடும்பக் காருடையதா, அப்படியானால் பொய்யை அல்லவா ஓட்டுகிறோம் என்கிறார்கள். பழைய காரின் உயிர் அதன் என்ஜினில் இருந்தது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் மேலே பார்த்த வரலாறு அந்த எண்ணத்துக்கு எதிராகவே பேசுகிறது. கோப்ராவின் வி8, ஃபோர்டு தன் சாதாரணக் கார்களுக்காகச் செய்த என்ஜின். செவனில் ஃபோர்டு, ஆஸ்டின் குடும்பக் கார்களின் என்ஜின்கள் வந்தன. ஸ்பிட்ஃபயரில் இருந்தது ஹெரால்டின் என்ஜின். எளிதில் கிடைக்கும் என்ஜினை லேசான வண்டியில் வைப்பதே அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் காரின் தொழில்முறை. ஆகவே சென்னையின் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் கேஸ்கட்டும் கிளட்ச் தட்டும் கிடைக்கிற என்ஜின் உள்ள நகலே அசலின் வழியில் நிற்கிறது. அபூர்வமான என்ஜினோடு வரும் நகல், ஒரு வாட்டர் பம்ப்புக்காக மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும்.

பழைய என்ஜின் என்றால் இன்னும் மூன்று விஷயம். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ்களையும் கார்புரேட்டர் டயஃப்ரமையும் அது அரிக்கும். ஃபைபரில் செய்த பெட்ரோல் டேங்க் என்றால் அதன் ரெசினையே இளக்கக்கூடும். ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றி, டேங்கை அலுமினியத்திலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ போட்டுக்கொள்ளுங்கள். வண்டி வாரக்கணக்கில் நின்றால் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டேங்கில் கொஞ்சமாகப் பெட்ரோல் விட்டு நிறுத்தி வைக்காதீர்கள். அடுத்தது சூடு. பழைய உருவத்தின் சிறிய வாய் குளிர்நாட்டு ஓட்டத்துக்கு வடிவமைத்தது. மே மாதம் ஒரகடம் சந்திப்பில் கம்பெனி பஸ்களுக்குப் பின்னால் இருபது நிமிடம் நிற்கும்போது அதற்குள் போகும் காற்று போதாது. எலெக்ட்ரிக் ஃபேனும் பெரிய ரேடியேட்டரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெயில் உச்சியில் அரை மணி நேரம் என்ஜினை ஓடவிட்டுச் சூட்டு முள்ளைக் கவனியுங்கள். மூன்றாவது, எர்த். ஃபைபர் பாடியில் மின்சாரம் ஓடாது. ஒவ்வொரு விளக்குக்கும் சேஸிஸ் வரை தனி எர்த் ஒயர் வேண்டும். இண்டிகேட்டர் போடும்போது பின்விளக்கு மங்கினால் அந்த வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று பொருள்.

ஆர்.சி. தேறாத, ஆனால் சேஸிஸும் பிரேக்கும் அருமையாக அமைந்த நகல்களும் உண்டு. அவற்றைச் செய்த கைகளை நான் மதிக்கிறேன். தமிழ்நாட்டில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டும் திறமை நெடுங்காலமாக இருக்கிறது; எல்.ஜி.பி. ஃபார்முலா 4 கார்களில் ஓடியது மாருதி எஸ்டீமின் என்ஜின்தான். அப்படிப்பட்ட வண்டிக்குரிய இடம் இருங்காட்டுக்கோட்டைத் தடம். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த கிளப், தனக்கென்று கட்டிக்கொண்ட சுமார் 3.7 கி.மீ. தடம் அது. கிளப்பின் அனுமதியோடும் பாதுகாப்பு விதிகளோடும் அங்கே ஓட்டுவதற்கு ஆர்.சி. தேவையில்லை, அங்கே எதிரே லாரியும் வராது. ஆனால் வண்டியை அங்கே டிரக்கில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகு இப்போது பாடிக்கு வரலாம். வெயிலில் நிறுத்தி, கண்ணைப் பாடியின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் நீளமாகப் பாருங்கள். அலையலையாகத் தெரிந்தால் அச்சு தேய்ந்திருந்தது. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒரே மாதிரி ஒலிக்க வேண்டிய இடத்தில் சத்தம் மங்கினால் அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன, அல்லது புட்டி அடைத்திருக்கிறார்கள். கதவுக் கீல், பானெட் கீல், சீட் பெல்ட் பிடிப்பு மூன்றும் ஃபைபரில் மட்டும் நிற்காமல் உள்ளே இரும்புத் தகட்டில் மாட்டியிருக்கின்றனவா என்று கைவிட்டுத் தடவிப் பாருங்கள். நட்சத்திரம் போல் விரியும் மெல்லிய விரிசல்கள் மேற்பூச்சில் மட்டும் இருந்தால் பயமில்லை. உட்புறத்திலும் தெரிந்தால் அந்தப் பகுதியைப் புதிதாக வார்க்க வேண்டியிருக்கும். மட்கார்டின் அடிப்பக்கத்தில் கல் தெறித்த இடங்களைப் பாருங்கள். மழைக்குக் கட்டும் டாப் துணியை விற்பவர் உங்கள் எதிரிலேயே மாட்டிக் காட்டட்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு அதைத் தைக்கும் ஆளைத் தேடி அலைய வேண்டாம். இதெல்லாம் முடிந்ததும், கதவைத் திறந்து உட்கார்ந்து, பெடல்கள் காலுக்கு நேராக இருக்கின்றனவா, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஹேண்ட்பிரேக் எட்டுகிறதா என்று பாருங்கள். நிறம் பிடிக்கவில்லை என்றால் விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள்.